இருண்ட நாடு, பயந்த ஊர்: உங்கள் ரோல்பிளே விளையாட்டுக்கு ஒன்றைக் கட்டுவது எப்படி

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டேபிள்டாப் ரோல்பிளே விளையாட்டை நடத்தும் யாருக்கும் ஒருநாள் இருண்ட நாடு ஒன்றைக் கட்ட ஆசை வரும். மூடுபனி, காகங்கள், மலை உச்சியில் ஒரு கோட்டை, பேச்சுக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் ஊர்க்காரர்கள் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்குகிறோம். இரண்டாவது செஷனுக்குள், அதாவது இரண்டாம் முறை ஆட உட்காரும்போதே, பிளேயர்களுக்குப் பயம் போய்விடுகிறது. காரணம், நாம் இறக்கியதெல்லாம் அலங்காரம். அந்த ஊரில் யாரும் அந்தப் பயத்தோடு தண்ணீர் எடுக்கப் போவதில்லை, கதவைச் சாத்துவதில்லை, பிணத்தைப் புதைப்பதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். மூடநம்பிக்கை அந்த ஊரின் சட்டமாக இருக்க வேண்டும், அதைக் கடைப்பிடிக்க ஊர்க்காரர்கள் தூக்கம், காசு, நேரம், சொந்தபந்தம் என்று எதையாவது தினமும் இழந்துகொண்டே இருக்க வேண்டும். இழப்பு கண்ணில் பட்டால் போதும், மூடுபனியை வர்ணிக்காமலே பிளேயர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

விளக்குவதற்காக ஒரு நாட்டையும் ஊரையும் இங்கேயே கட்டிக்கொண்டு போகிறேன். நாட்டின் பெயர் கோடையிலி. ஊர், ஊமைமணி. ஆற்றங்கரையில் படகுத்துறை உள்ள சின்ன ஊர், நடுவில் ஒரு மணிக்கூண்டு, அதில் தொங்கும் மணிக்கு நாக்கு கிடையாது. பிடித்திருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் என்ன நடந்தது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வரைபடம் போடுவதற்கு முன்னால், பெயர்கள் வைப்பதற்கு முன்னால், இந்த நாடு ஏன் இப்படி ஆனது என்ற உண்மையான காரணத்தை உங்களுக்கு மட்டும் தெரியும்படி எழுதி வையுங்கள். ஊர்க்காரர்களுக்கு அது தெரியக் கூடாது. அவர்களுக்குத் தெரிந்தது விளைவு மட்டும்தான், காரணத்தை அவர்களாகத்தான் ஊகிக்கிறார்கள், அந்த ஊகத்திலிருந்துதான் மூடநம்பிக்கை பிறக்கிறது.

வரலாற்றில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசும் கந்தகமும் மேலே போய் வெயிலை மறைத்ததால் 1816இல் மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் கோடையே சரியாக வரவில்லை. அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தில் ஜூன் மாதம் பனி விழுந்தது, பயிர் அழுகியது, தானிய விலை ஏறியது. அங்கே பட்டினி கிடந்த விவசாயிக்குப் பூமியின் இன்னொரு பக்கத்தில் ஒரு மலை வெடித்தது என்று தெரிய வழியே இல்லை. காரணம் தூரத்தில் இருந்தால் மனிதர்கள் பக்கத்தில் தேடுவார்கள், பக்கத்தில் கிடைப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான். 1562 ஆகஸ்டில் தென்மேற்கு ஜெர்மனியில் பயங்கரமான ஆலங்கட்டி மழை பெய்து பயிரெல்லாம் நாசமானது. அதையடுத்து வீசன்ஸ்டைக் என்ற சிற்றூரில் சூனியம் வைத்ததாகச் சொல்லி 63 பெண்களைக் கொன்றார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் விதி: நாட்டில் ஒரே ஒரு அமானுஷ்ய விஷயம்தான் நிஜம், அதனோடு ஒரு இயற்கையான கேடு, ஊர்க்காரர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அமானுஷ்யம் ஐந்தாறு இருந்தால் எதற்கும் மதிப்பில்லாமல் போய்விடும், எல்லாமே நிஜப் பேயாக இருக்கும் ஊரில் மூடநம்பிக்கை என்று ஒன்று இருக்கவே முடியாது, அது வெறும் பாதுகாப்பு விதி ஆகிவிடும். ஒன்றுகூட நிஜமில்லை என்றாலும் பிளேயர்கள் ஏமாந்துவிடுவார்கள்.

கோடையிலியின் இயற்கையான கேடு குளிரும் ஈரமும். பல ஆண்டுகளாகக் கோடை சரியாக வருவதில்லை, கோதுமை விளைவதில்லை, ஊரே ரை தானியத்தை நம்பியிருக்கிறது. குளிர்ந்த ஈரமான பருவத்தில் ரை கதிரில் எர்காட் என்ற பூஞ்சை பிடிக்கும். தானியமணி இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த ஊதா நிறத்தில், எலிப் புழுக்கை போல, ஒரு நீண்ட முள் துருத்திக்கொண்டு நிற்கும். அதோடு சேர்த்து அரைத்த மாவில் ரொட்டி சுட்டுத் தின்றால் கைகால் நெருப்பாக எரியும், வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், முற்றிப்போனால் விரல்கள் கறுத்து உதிரும். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராக இதில் செத்திருக்கிறார்கள். நல்ல தானியம் வாங்கக் காசில்லாதவர்கள்தான் கடைசிவரை இந்த மாவைத் தின்பார்கள், அதனால் ‘சாபம்’ எப்போதும் ஏழை வீடுகளையே தேடிப்போவது போலத் தெரியும்.

அமானுஷ்யம் இது: ஆற்றில் மூழ்கி உடல் கிடைக்காமல் போனவர்கள் இரவில் தங்கள் வீட்டு வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கதவைத் திறந்தவரை மறுநாள் யாரும் பார்ப்பதில்லை. அவ்வளவுதான், இதற்கு மேல் நிஜமாக எதுவும் இல்லை.

ஊரை அளந்து கட்டுங்கள்

சின்ன ஊர் என்றால் எவ்வளவு சின்னது என்று எண்ணில் வையுங்கள். ஊமைமணியில் 800 பேர். பழங்காலச் சமூகங்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 30 முதல் 40 பேர் வரை சாவது வழக்கம் என்பதால் 800 பேர் உள்ள ஊரில் ஆண்டுக்கு 28 சாவு, அதாவது இரண்டு வாரத்துக்கு ஒன்று. இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், சாவு என்பது அங்கே அன்றாடம், வெட்டியானுக்கு அது வேலை, அதற்காக யாரும் நடுங்க மாட்டார்கள். ஒரே வாரத்தில் ஐந்து சாவு விழுந்தால்தான் ஊர் கூடும். உங்கள் கதை தொடங்கும் வாரத்தில் எத்தனை குழி வெட்டப்பட்டிருக்கிறது என்பதை வைத்து ஊரின் மனநிலையை நீங்களே சொல்லிவிடலாம்.

அடுத்தது தூரம். அடுத்த ஊரை வரைபடத்தில் சும்மா ஒரு புள்ளியாக வைக்காதீர்கள், பகல் வெளிச்சத்தை வைத்து அளங்கள். 50 டிகிரி வடக்கில் குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளில் பகல் சுமார் 8 மணி நேரம்தான். சேற்றுப் பாதையில் சுமையோடு நடப்பவர் மணிக்கு 3 கிலோமீட்டர் போனாலே அதிகம். 8 மணி நேரத்தில் 24 கிலோமீட்டர். அடுத்த ஊரை 27 கிலோமீட்டரில் வையுங்கள். இப்போது பாருங்கள், கோடையிலியில் நடுக் குளிர்காலத்தில் யார் எங்கே போனாலும் கடைசி ஒரு மணி நேரம் இருட்டில்தான் நடந்தாக வேண்டும். இரவில் வெளியே போகாதே என்று ஒரு சட்டத்தையும் போட்டுவிட்டால், அந்த ஊர் இரண்டு மாதத்துக்கு மேல் தன்னால் பூட்டிக்கொண்டுவிடும். மந்திர மூடுபனியால் எல்லையை அடைக்க வேண்டிய அவசியமே இல்லை, பிளேயர்களும் உங்களைத் திட்ட மாட்டார்கள், ஏனென்றால் அவர்களே கணக்குப் போட்டுப் பார்த்துப் போகாமல் இருந்துவிடுவார்கள்.

வெளிச்சத்துக்கும் இதே கதைதான். ஏழை வீட்டில் மெழுகுவர்த்தி இருக்காது. கோரைத்தண்டின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் தக்கையைக் கொழுப்பில் தோய்த்துக் காயவைத்து, இடுக்கியில் சாய்த்துப் பிடித்து எரிப்பார்கள். ஒரு தண்டு சுமார் அரைமணி நேரம் எரியும். எரிய எரிய அதை இடுக்கியில் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் பிளேயர் ஒரு வீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது அந்த வீட்டுக்காரி பேச்சை நிறுத்தித் தண்டை ஒரு விரல் அளவு மேலே தள்ளுகிறாள், தட்டில் எத்தனை தண்டு மிச்சம் என்று ஒருமுறை பார்க்கிறாள். இன்னும் இரண்டு கேள்விதான் கேட்க முடியும் என்று பிளேயருக்கே புரிந்துவிடும்.

மூடநம்பிக்கையைச் செய்வது

இங்கேதான் நிதானமாக நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு நம்பிக்கைக்கும் நான் நான்கு கேள்வி கேட்பேன்: எதைப் பார்த்து வந்தது, கடைப்பிடிக்க என்ன செலவு, இதனால் லாபம் யாருக்கு, இது நிஜமா பொய்யா. நான்குக்கும் பதில் இல்லையென்றால் அந்த நம்பிக்கையைத் தூக்கிப் போட்டுவிடுவேன். மூன்று நம்பிக்கைக்கு மேல் ஒரு ஊருக்கு வேண்டாம், இருபது வைத்தால் பிளேயருக்கு ஒன்றும் நினைவிருக்காது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், ஊர்க்காரர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கண்ணால் பார்த்தது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சொல்லும் காரணம்தான் தப்பாக இருக்கும். 1725இல் செர்பியாவில், அப்போது ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் ராஜவம்ச ஆட்சியில் இருந்த கிசில்யேவோ கிராமத்தில், பீட்டர் பிளாகோயெவிச் என்பவர் இறந்த பிறகு எட்டு நாளுக்குள் ஒன்பது பேர் அடுத்தடுத்து செத்தார்கள். அவர் இரவில் வந்து மேலே படுத்து அமுக்கியதாகச் செத்தவர்கள் சாவதற்கு முன் சொன்னார்களாம். ஊர்க்காரர்கள் குழியைத் தோண்ட வேண்டும் என்று அரசு அதிகாரியிடம் போய் நின்றார்கள், மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, அதுவரை பொறுத்தால் ஊரே அழிந்துவிடும், நாங்கள் வீடுகளை விட்டுவிட்டுப் போகிறோம் என்றார்கள். தோண்டிப் பார்த்தால் உடல் அழுகாதது போல இருந்தது, வாயில் புது ரத்தம் தெரிந்தது, பழைய தோல் உரிந்து புதுத் தோல் வந்தது போல இருந்தது. குச்சியால் குத்தி எரித்தார்கள். அந்த அதிகாரி எழுதிய அறிக்கை அதே ஆண்டு வியன்னாவில் அச்சாகியது.

இதில் அவர்கள் பார்த்தது எதுவும் பொய்யில்லை. பிணம் உள்ளே வாயு சேர்ந்து உப்பும், அந்த அழுத்தத்தில் கறுத்த சிவந்த திரவம் வாய்க்கும் மூக்குக்கும் ஏறி வரும், மேல் தோல் கழன்று அடித்தோல் தெரியும், தோல் சுருங்குவதால் நகம் வளர்ந்தது போலத் தோன்றும், குத்தினால் வாயு வெளியேறும்போது முனகல் போலச் சத்தம்கூட வரும். குளிர்ந்த மண்ணில் எல்லாம் மெதுவாக நடக்கும். இதை அறியாத ஒரு கூட்டம், ஒன்பது பிணம் விழுந்த பயத்தில், அந்தக் குழியைச் சுற்றி நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்பேன். உங்கள் பிளேயரும் நம்ப வேண்டும், குறைந்தது ஒரு செஷனுக்காவது.

சரி, ஊமைமணிக்கு வருவோம். முதல் நம்பிக்கை: ஒரு முறை கூப்பிட்டால் கதவைத் திறக்காதே. கிரேக்கத் தீவுகளில் விரிக்கோலகாஸ் என்ற பிணப் பேய் கதவைத் தட்டி ஒருமுறைதான் கூப்பிடும், பதில் வராவிட்டால் போய்விடும் என்று நம்பி, இரண்டாவது தட்டலுக்குத்தான் பதில் சொல்வார்களாம். அதையே எடுத்துக்கொண்டேன். கோடையிலியில் ஆற்றிலிருந்து வருவது ஒருமுறைதான் கூப்பிட முடியும். இது நிஜம். எனவே ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்வார்கள். தாய் பிள்ளையை இரண்டு முறை கூப்பிடுவாள், கடைக்காரர் விலையை இரண்டு முறை சொல்வார், வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். செலவு என்ன? காயம்பட்டு, மூச்சு வாங்கி, வாசலில் விழுந்து ஒரே ஒருமுறை ‘அண்ணா’ என்று கத்த மட்டுமே தெம்பிருக்கும் மனிதன் அந்த வாசலிலேயே செத்துப்போவான். அப்படி ஒரு சாவு ஏற்கெனவே நடந்திருக்கட்டும், உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் உயிரோடு இருக்கட்டும். அப்புறம் மூன்றாவது செஷனில், இரவில், பிளேயர்கள் தங்கியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு குரல் ஒருமுறை கூப்பிட்டு நின்றுவிடட்டும். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருங்கள். அந்த மேஜையில் நடக்கும் விவாதத்துக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

இரண்டாவது நம்பிக்கை மணி. 30 ஆண்டுகளுக்கு முன்னால் மூடுபனி இரவு ஒன்றில் பதினொரு பேர் போன படகு திரும்பவில்லை. வழி தெரியட்டும் என்று விடிய விடிய மணி அடித்தார்கள். விடிவதற்கு முன் அந்தப் பதினொரு பேரும் அவரவர் வாசலில் வந்து கூப்பிட்டார்கள். மணிச் சத்தம்தான் செத்தவர்களை வீட்டுக்குக் கூட்டி வந்தது என்று ஊர் முடிவு கட்டி, மணியின் நாக்கைக் கழற்றிவிட்டது. பார்த்தது சரி, காரணம் தப்பு. அன்றிலிருந்து மூடுபனியில் கரைக்கு வழிகாட்ட ஒன்றும் இல்லை, படகுகள் தடுமாறிக் கவிழ்கின்றன, உடல் கிடைக்காமல் போனவர்கள் கூடுகிறார்கள், வாசலில் வந்து கூப்பிடும் குரல்களும் கூடுகின்றன, நாக்கைக் கழற்றாமல் விட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று ஊர் இன்னும் உறுதியாக நம்புகிறது.

காப்பாற்றும் என்று நம்பிய ஒன்றே கேட்டை வளர்ப்பது கற்பனைக்கு மட்டும் உரியது இல்லை. ஐரோப்பாவில் இடிமின்னலின்போது தேவாலய மணியை அடித்தால் புயல் கலையும் என்று நூற்றாண்டுகளாக நம்பினார்கள், ‘மின்னலை உடைக்கிறேன்’ என்று லத்தீனில் மணியிலேயே பொறித்து வைத்தார்கள். ஊரிலேயே உயரமான கட்டடத்தில் ஏறி, நனைந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, புயல் நேரத்தில் நின்றவர்களை மின்னல் தாக்கிக் கொன்றது. அப்படியும் அடுத்த புயலுக்கு இன்னொருவர் ஏறினார். உங்கள் ஊரில் ஒரு நம்பிக்கையாவது இந்த வகையில் இருக்கட்டும், பிளேயர்கள் கண்டுபிடித்து உடைக்க வேண்டிய முடிச்சு அதுதான்.

லாபம் யாருக்கு என்ற கேள்வியை இந்த இடத்தில் கேளுங்கள். மணி இல்லாமல் மூடுபனியில் ஆற்றைக் கடக்கத் தெரிந்தது ஒரே ஒரு படகோட்டிக் குடும்பத்துக்குத்தான். அவர்கள் கேட்கும் கூலியைக் கொடுத்தாக வேண்டும். அந்தப் படகின் நங்கூரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கும் பிளேயருக்கு அது நங்கூர வடிவத்தில் இல்லை என்பது தெரியும்: ஒரு முழ நீள இரும்புத் தண்டு, கீழே உருண்டை, மேலே தேய்ந்து போன வளையம், உருண்டையின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தட்டையாகியிருக்கிறது. அந்தக் குடும்பம் திருடவில்லை, ஆற்றில் எறிந்துவிடு என்று ஊர் கொடுத்த மணி நாக்கை எறியாமல் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வில்லனை விட இப்படி ஒரு சின்ன ஆசைக்காரர் ஊருக்குப் பொருத்தமாக இருப்பார்.

மூன்றாவது, ரை மாவு நோய். இதற்கு ஊர் கண்டுபிடித்த மருந்து, ஒரு மண் குடுவையில் நோயாளியின் சிறுநீரையும் வளைத்த ஊசிகளையும் போட்டு அடுப்புக்கு அடியில் புதைப்பது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதைச் செய்திருக்கிறார்கள், பழைய வீடுகளை இடிக்கும்போது அந்தக் குடுவைகள் இன்றும் கிடைக்கின்றன. இதனால் நோய் போகாது, ஆனால் ஊமைமணியில் குடுவை புதைத்த வீட்டில் ஏழு நாள் அடுப்பு மூட்டக் கூடாது என்று ஒரு விதியைச் சேர்த்துவிடுங்கள். அடுப்பு இல்லையென்றால் ரொட்டி இல்லை, அக்கம்பக்கத்தார் கொடுக்கும் பாலும் கிழங்கும்தான். நோயாளி தேறுகிறார். குடுவை வேலை செய்கிறது என்று ஊரே சாட்சி சொல்லும், வைத்தியராக ஆடும் உங்கள் பிளேயருக்கு இதைப் பிரித்து எடுப்பது பெரிய சந்தோஷமாக இருக்கும்.

அலங்காரமாகச் சிலவற்றைச் சேர்க்க விரும்பினால் புதைக்கும் இடத்தில் சேருங்கள். போலந்தின் ட்ராவ்ஸ்கோவில் 17, 18ஆம் நூற்றாண்டுக் குழிகளில், கழுத்தின் மேல் அரிவாளை வைத்துப் புதைத்த எலும்புக்கூடுகள் கிடைத்திருக்கின்றன. எழுந்தால் தலை போய்விடும் என்ற கணக்காக இருக்கலாம். ஒரு அரிவாளைப் பிணத்தோடு புதைக்கும் ஏழைக் குடும்பம் அடுத்த அறுவடைக்கு இரவல் வாங்க வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்காரர்களில் யார் யார் வேண்டும்

எண்ணூறு பேரையும் எழுத வேண்டாம், நால்வர் போதும். நம்புகிறவர், லாபம் பார்க்கிறவர், ஒருமுறை மீறிப் பார்த்துக் கெட்டவர், நம்பாமலே கீழ்ப்படிகிறவர். கடைசி ஆளைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் அவர்தான் ஊரின் உயிர்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் எக்ஸெட்டர் என்ற ஊரில், 1892 ஜனவரியில் மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் காசநோயில் இறந்தாள். தாயும் அக்காவும் ஏற்கெனவே அதே நோயில் போயிருந்தார்கள், அண்ணன் எட்வினும் படுக்கையில். குடும்பத்தில் இறந்தவர்களில் ஒருவர் எட்வினின் உயிரை உறிஞ்சுவதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். தகப்பனுக்கு அதில் நம்பிக்கையில்லை, ஆனாலும் அவர்கள் நெருக்க நெருக்கக் கடைசியில் சம்மதித்தார். மார்ச் மாதம் மூன்று உடல்களையும் பார்த்தார்கள், உறைகுளிரில் நிலத்துக்கு மேலே வைத்திருந்த மெர்சியின் உடல் மட்டும் கெடவில்லை. இதயத்தை எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மே மாதம் அவனும் இறந்தான். நம்பிக்கை இல்லாத ஒரு தகப்பன், ஊரோடு வாழ வேண்டும் என்பதற்காகவும், ஒருவேளை பலித்தால் மகன் பிழைப்பானே என்பதற்காகவும் தலையாட்டிவிட்ட அந்த நிலையை உங்கள் ஊரில் ஒருவருக்குக் கொடுங்கள். பிளேயர்கள் அவரிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள், அவரால்தான் உதவவும் முடியாமல் போகும்.

ஐந்தாவதாக வெளியிலிருந்து ஒருவரைக் கதையின் நடுவில் அனுப்பலாம். 1755இல் பேரரசி மரியா தெரேசா, தன் மருத்துவர் கெரார்ட் ஃபான் ஸ்வீட்டன் கொடுத்த அறிக்கையை வைத்து, பிணங்களைத் தோண்டுவதையும் குத்துவதையும் எரிப்பதையும் தடை செய்தார். அவர் செய்தது சரிதான். உங்கள் கோடையிலியிலோ ஒரு விஷயம் நிஜம். தலைநகரிலிருந்து வரும் அதிகாரி நல்லவர், படித்தவர், பத்தில் ஒன்பது விஷயத்தில் அவர் சொல்வதுதான் உண்மை, மீதி ஒன்றில் அவர் சொல்வதைக் கேட்டால் ஆள் சாவார்கள். யார் பக்கம் நிற்பது என்று பிளேயர்கள் திண்டாட வேண்டும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இருண்ட நாட்டுக் கதைகளில் வண்டியில் ஊர் ஊராகப் போகிற, குறி சொல்கிற, சாபம் விடுகிற ஒரு கூட்டம் பழக்கதோஷத்தில் வந்துவிடுகிறது. அது ரோமா மக்களைப் பற்றி ஐரோப்பா கட்டிவிட்ட அவதூறிலிருந்து வந்தது, நாஜிகள் காலத்தில் அந்த மக்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அதை எடுக்கவே வேண்டாம். நாடோடிகள் வேண்டுமென்றால் உப்பு வியாபாரிகளாக, கொல்லர்களாக, செய்தி கொண்டுவருபவர்களாக வரட்டும், ஊர் அவர்களைப் பற்றிச் சொல்வது பொய் என்பது கதையிலேயே தெரியட்டும்.

மேஜையில் நடத்தும்போது

விளையாட்டு தொடங்கும் முன்பே பிளேயர்களிடம் எது வேண்டாம் என்று கேட்டுவிடுங்கள். குழந்தைகள் சாவு, நோய், உயிரோடு புதைப்பது, இவையெல்லாம் சிலருக்குச் சொந்த வாழ்க்கையைத் தொடும். கேட்டதை மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள், கதைக்கு ஒன்றும் ஆகாது.

முதல் செஷனில் பேயைக் காட்டாதீர்கள், விதியை மட்டும் காட்டுங்கள், விளக்கமும் வேண்டாம். படகில் ஏறும்போதே தொடங்கலாம்.

“பேரைச் சொல்லாதீங்க தம்பி, பேரைச் சொல்லாதீங்க. கரை ஏறினப்புறம் சொல்லிக்கலாம்.”

“ஏன் ஐயா?”

“முன்னாடி உட்கார்ந்திருக்கறவரே, கொஞ்சம் இடப்பக்கம் நகருங்க, இடப்பக்கம் நகருங்க.”

படகில் யாருக்கும் பெயர் இல்லை, உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். தண்ணீருக்குக் கேட்டால் பிற்பாடு மூழ்கியவர்கள் வாசலில் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று ஊர் நம்புவது பிளேயர்களுக்கு மூன்று செஷன் கழித்துத்தான் புரிய வேண்டும். அதற்குள் யாராவது ஒருவர் கண்டிப்பாகத் தன் பெயரை உரக்கச் சொல்லியிருப்பார். யார் என்று உங்கள் நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வர்ணனையில் கஞ்சத்தனமாக இருங்கள். ஒரு இடத்துக்கு இரண்டு விவரம், அதில் ஒன்று வாசனையோ சத்தமோ தொடுகையோ. ‘பயங்கரமான’, ‘அமானுஷ்யமான’ போன்ற சொற்களை வாயில் எடுக்கவே வேண்டாம், பயப்படச் சொல்லி யாரும் பயப்பட்டதில்லை.

சந்தோஷத்துக்கும் இடம் கொடுங்கள், இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கல்யாணம் நடக்கட்டும், கிழவிகள் அசிங்கமான பாட்டுப் பாடட்டும், பசங்கள் நாக்கில்லாத மணிக்கூண்டில் ஏறிப் புறா முட்டை எடுக்கட்டும். இருட்டையே காட்டிக்கொண்டிருந்தால் ஊரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமே பிளேயருக்கு வராது, எரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் தோன்றும். எனக்குத் தெரிந்து இருண்ட கேம்பெயின்கள் (பல செஷன்களுக்கு நீளும் கதைகள்) பாதியில் நிற்பதற்குப் பெரிய காரணம் இதுதான், யாருக்காகப் போராடுகிறோம் என்பது தெரியாமல் போவது.

மணிக்கு நாக்கை மாட்டிவிட்ட பிறகு என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஒரே இரவில் ஊர் மாறக் கூடாது. மணி அடித்த முதல் இரவில் ஏற்கெனவே மூழ்கியவர்கள் வழக்கம்போல வருவார்கள், மணிதான் காரணம் என்று பாதி ஊர் கத்தியை எடுத்துக்கொண்டு கயிற்றை அறுக்க வரும், அங்கே பிளேயர்கள் வாளை வைத்து ஜெயிக்க முடியாது, பேசித்தான் ஆக வேண்டும். அதில் தேறினால் அடுத்த குளிர்காலத்தில் படகுகள் கவிழ்வது குறையும், படகோட்டிக் குடும்பம் கூலியைக் குறைக்கும், நிலத்தில் விளைவது இன்னும் ரைதான் என்பதால் மாவு நோய் அப்படியே இருக்கும். ஓராண்டு கழித்துப் பிளேயர்கள் திரும்பி வந்தால் படகுக் கூலி, வெட்டியானின் குழிக் கணக்கு, மூடுபனியில் யார் மணி அடிக்கிறார்கள் என்ற மூன்றையும் தயாராக வைத்திருங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.